சிங்கப்பூர் சம்பளமும் மண்ணச்சநல்லூர் வாழ்க்கையும்

திருச்சி வட்டாரத்தில் சிங்கப்பூரை அயல்நாடு என்று யாரும் தனித்து எண்ணுவதில்லை. ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம். நாள்தோறும் நேரடி விமானங்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே, துறையூர் சாலையில், அரிசி ஆலைகளால் பெயர்பெற்ற எங்கள் மண்ணச்சநல்லூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ‘பையன் சிங்கப்பூரில் இருக்கிறான்’ என்று சொல்லும் ஒரு வீடாவது இல்லாத தெரு அரிது. 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டினரின் எண்ணிக்கையை ஏறத்தாழ 22 லட்சம் என மதிப்பிட்டது. அவர்கள் சென்ற நாடுகளின் வரிசையில் சிங்கப்பூர் முன்னணியில் இருந்தது.

ஆகவே, ‘வாழ்க்கைத் தரம் அங்கே உயர்வா, இங்கே உயர்வா?’ என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் பொழுதுபோக்கு விவாதம் அல்ல. நகையை அடகு வைப்பதா, நிலத்தின் மீது கடன் வாங்குவதா, இருபத்திரண்டு வயது மகனை அனுப்புவதா என்று ஒரு குடும்பம் எடுக்கும் முடிவுக்குப் பின்னால் இந்தக் கேள்வி இருக்கிறது. இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் புழங்குகின்றன. ஒன்று, ‘அது சொர்க்கம்’. மற்றொன்று, ‘அங்கே காசு உண்டு, நிம்மதி கிடையாது’. இரண்டுமே யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்காமல் சொல்லப்படும் பதில்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் ஒப்பீடு வேறு விதமாக அமைகிறது.

எண்கள் சொல்வது

முதலில் வழக்கமான அளவுகோல். 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தலா உள்நாட்டு உற்பத்தி சுமார் 85,000 அமெரிக்க டாலர்; இந்தியாவினுடையது சுமார் 2,500 டாலர். ஏறத்தாழ 34 மடங்கு இடைவெளி. சிங்கப்பூர் தனி நாடான 1965இல் இந்த எண்கள் முறையே 500 டாலரையும் 120 டாலரையும் ஒட்டி இருந்தன. அன்று நான்கு மடங்காக இருந்த வேறுபாடுதான் அறுபது ஆண்டுகளுக்குள் இவ்வளவு விரிந்திருக்கிறது.

ஆனால், நாணய மாற்று விகிதத்தில் செய்யும் ஒப்பீட்டில் ஒரு கோளாறு உண்டு. திருச்சியில் முடிவெட்டிக்கொள்ள ஆகும் செலவும் சிங்கப்பூரில் ஆகும் செலவும் ஒன்றல்ல. வீட்டு வாடகை, ஆட்டோ கட்டணம், உணவகச் சாப்பாடு எல்லாமே அப்படித்தான். அந்தந்த ஊரில் பணத்தால் எவ்வளவு வாங்க முடிகிறது என்று கணக்கிடும் முறையை வாங்கும் திறன் சமநிலை என்கிறார்கள். அதன்படி பார்த்தால் சிங்கப்பூரின் தலா உற்பத்தி சுமார் 1,40,000 டாலராகவும் இந்தியாவினுடையது சுமார் 10,000 டாலராகவும் மாறுகின்றன. இடைவெளி 34 மடங்கிலிருந்து 14 மடங்காகக் குறைகிறது.

வருமானம் மட்டும் வாழ்க்கை அல்ல என்பதால்தான், பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு 1990இல் மனித வளர்ச்சிக் குறியீட்டை உருவாக்கினார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் அது சேர்த்துப் பார்க்கிறது. 2025 அறிக்கையில் சிங்கப்பூர் 13ஆவது இடத்திலும் இந்தியா 130ஆவது இடத்திலும் உள்ளன. இந்தியரின் எதிர்பார்ப்பு ஆயுள் 72 ஆண்டுகள். சிங்கப்பூரில் 83 ஆண்டுகளுக்கும் மேல்.

140 கோடிப் பேரின் நாட்டையும் 60 லட்சம் பேரின் நகரத்தையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்று சொல்லலாம். சரி, தமிழ்நாட்டை மட்டும் வைத்துப் பார்ப்போம். 2023-24இல் இந்தியரின் தலா வருமானம் சுமார் ரூ.1.85 லட்சம் என்றால், தமிழ்நாட்டில் அது ரூ.3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய அளவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன, தமிழ்நாட்டில் 13. சிங்கப்பூரில் ஏறத்தாழ இரண்டு. நாம் பாதித் தொலைவுக்கு மேல் வந்திருக்கிறோம் என்பதையும் மீதித் தொலைவு சிறிதல்ல என்பதையும் இந்த எண் சேர்த்தே சொல்கிறது.

மலிவு என்பது யார் கொடுப்பது?

வாங்கும் திறன் கணக்கில் இடைவெளி குறைவதைப் பார்த்து நாம் மகிழ்ச்சியடைகிறோம். ‘அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே ஒரு வாரம் சாப்பிடலாம்’ என்று ஊர் திரும்பியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், இந்த மலிவு எங்கிருந்து வருகிறது?

இரும்பு, கைப்பேசி, பெட்ரோல் போன்ற சரக்குகளின் விலை நாடுகளுக்கிடையே பெரிதாக வேறுபடுவதில்லை. மனித உழைப்பே முதன்மையாக உள்ள சேவைகளில்தான் பெரும் வேறுபாடு. வீட்டு வேலை செய்பவர், சமைப்பவர், ஓட்டுநர், துணி தேய்த்துத் தருபவர் ஆகியோரின் கூலி குறைவாக இருப்பதால்தான் இங்கே நடுத்தர வர்க்கத்துக்கு வாழ்க்கை மலிவாக அமைகிறது. ஸ்ரீரங்கத்தில் அடுக்ககத்தில் வாழும் ஓய்வூதியர் ஒருவரின் வசதியும், அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் வசதியின்மையும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். இந்திய வாழ்க்கை சுகமானது என்று அந்த ஓய்வூதியர் சொல்லும்போது, பாத்திரம் துலக்குபவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

சிங்கப்பூரும் இதற்கு விலக்கல்ல. அந்நாட்டின் உயர்ந்த கட்டடங்களை எழுப்புவோரும் கப்பல் தளங்களில் பற்றவைப்போரும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். வீட்டு வேலை செய்வோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியான்மர் பெண்கள். எங்கள் ஊர் அரிசி ஆலைகளிலும் திருச்சியின் கட்டுமானத் தலங்களிலும் இப்போது வடமாநிலக் குரல்கள் கேட்கின்றன. பீகாரிலிருந்து ஒருவர் இங்கே வருகிறார். இங்கிருந்து ஒருவர் சிங்கப்பூர் செல்கிறார். ஒவ்வோர் ஊரின் மலிவும் வேறோர் ஊரிலிருந்து வந்தவரின் தோளில் நிற்கிறது.

சம்பளம் வாங்கித் தராதவை

ஒப்பீட்டில் நான் முதன்மையானதாகக் கருதுவது இனி வருவது. சிங்கப்பூர்க் குடிமகன் நல்ல வாழ்க்கையின் பெரும் பகுதியைத் தன் பையிலிருந்து தனித்தனியாக வாங்குவதில்லை. பொது ஏற்பாடாகப் பெறுகிறான்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் பெரிய ஆறு ஏதுமில்லை. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்குகிறது. அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. மழைநீரைத் தேக்கியும், கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தும், கடல்நீரைக் குடிநீராக்கியும் அது தன் தேவையைச் சமாளிக்கிறது. அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். அமைச்சர் வீட்டிலும் துப்புரவுப் பணியாளர் வீட்டிலும் அதே தண்ணீர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் அருகிலேயே வாழும் நாங்களோ குடிநீரைக் கேனில் வாங்குகிறோம்.

வீடும் அப்படியே. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில்தான் அந்நாட்டுக் குடியிருப்பாளர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் அளவில் வாழ்கிறார்கள். தங்கள் மத்திய சேம நிதியிலிருந்தே தவணை கட்டி, நீண்ட காலக் குத்தகை அடிப்படையில் அவர்கள் அவற்றைச் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள். போக்குவரத்திலோ, கார் வாங்க விரும்புபவர் முதலில் பத்தாண்டுக்கான உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் தொடங்கிய இந்த முறையில் அச்சான்றிதழின் விலை மட்டுமே அண்மைக் காலத்தில் ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டிருக்கிறது. விளைவாக, நல்ல வருமானமுள்ளவரும் ரயிலிலும் பேருந்திலும் செல்கிறார். வசதியானவர்களும் பயன்படுத்தும் பேருந்து சரியாக வந்தே தீர வேண்டும்.

சாலைப் பாதுகாப்பை எடுத்துக்கொண்டால் வேறுபாடு உயிர்க் கணக்காகவே மாறுகிறது. 2022இல் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் 108 பேர். மக்கள்தொகைக்கேற்பக் கணக்கிட்டால், லட்சம் பேரில் இங்கே சுமார் 23 பேர். அங்கே இரண்டு பேருக்கும் குறைவு. எந்தச் சம்பளத்தாலும் ஒருவர் தனக்கு மட்டும் பாதுகாப்பான சாலையை வாங்கிக்கொள்ள முடியாது.

இந்த வெளிச்சத்தில், சிங்கப்பூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பணம் எதற்குச் செலவாகிறது என்று பாருங்கள். ஆழ்துளைக் கிணறு, தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி, இன்வெர்ட்டர், தனியார் பள்ளிக் கட்டணம், தனியார் மருத்துவமனைச் செலவு, பேருந்துக்குக் காத்திருக்காமலிருக்க ஓர் இருசக்கர வாகனம். சிங்கப்பூரில் ஊராரெல்லாம் பொதுவில் பெறும் வசதிகளை, அங்கே உழைத்துச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு இங்கே ஒவ்வொரு வீடும் தனித்தனியாக விலைக்கு வாங்குகிறது. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. முன்னேற்றம்தான், ஆனாலும், பத்து ரூபாயில் நான்கு ரூபாய் இன்னும் நோயாளி வீட்டுப் பணம்.

தமிழ்நாடு பொது ஏற்பாடுகளை அறியாத மாநிலமல்ல. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 2011 முதல் விலையில்லா அரிசி, 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 2022இல் தொடங்கிய காலை உணவு ஆகியவை ஏழைக் குடும்பத்தின் மாதச் செலவில் நேரடியாகத் தெரியும் மிச்சங்கள். உயர்கல்விச் சேர்க்கையில் 2021-22இல் நாம் தொட்ட 47 விழுக்காடு, இந்தியச் சராசரியான 28 விழுக்காட்டை விட மிக அதிகம். ஒரு மனிதருக்கோ வீட்டுக்கோ கொண்டுசேர்க்கக்கூடிய உதவிகளில் நாம் தேர்ந்துவிட்டோம். குழாய், சாக்கடை, நடைபாதை, குப்பை என்று ஊருக்கே பொதுவானவற்றில்தான் தேறவில்லை.

சராசரியில் இடம்பெறாதவர்

இதுவரை சொன்ன சிங்கப்பூர், அதன் குடிமக்களின் சிங்கப்பூர். எங்கள் ஊர் இளைஞர் செல்வது அங்கே அல்ல.

சிங்கப்பூரின் 60 லட்சம் மக்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஏறத்தாழ 42 லட்சம். மற்ற 18 லட்சம் பேர் வேலை, படிப்பு முதலிய காரணங்களுக்காகத் தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள். 2024இல் முழுநேர ஊழியரின் இடைநிலை மாத வருமானம் 5,500 வெள்ளி என்று அரசு வெளியிட்ட எண், முதல் பிரிவினரைப் பற்றியது மட்டுமே. வேலை அனுமதிச் சீட்டில் செல்லும் கட்டுமானத் தொழிலாளி அந்தக் கணக்கிலேயே இல்லை. அவருக்கு மத்திய சேம நிதி கிடையாது. மனைவி மக்களை உடன் அழைத்துக்கொள்ள முடியாது. குடும்பத்துக்கான அனுமதி கேட்கவே மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும், அதுவும் உயர்நிலை அனுமதிச் சீட்டு உடையவர்களுக்குத்தான். வேலைத்தலத்துக்கு லாரியின் பின்புறத்தில் அமர்ந்து செல்லும் வழக்கம் இன்னும் தொடர்கிறது.

2020ஆம் ஆண்டின் கொரோனா காலம் இந்த இரட்டை வாழ்க்கையை உலகுக்குக் காட்டியது. தங்குவிடுதிகளில் வாழ்ந்த சுமார் 3.23 லட்சம் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அந்த டிசம்பரில் அந்நாட்டு மனிதவள அமைச்சே தெரிவித்தது. அதன் பின்னர், 2021இல் புதிய விடுதிகளுக்கான விதிகள் மாறின: ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம். முன்னேற்றத்துக்குப் பிறகான அளவு இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை; 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு 60,000 வெள்ளி. வேலையிடத்தில் காயமடைந்தால் இழப்பீடு உண்டு. 2023இல் அந்நாடு முழுவதும் பணியிட விபத்துகளில் இறந்தவர்கள் 36 பேர். திருச்சியில் சாரத்தின் மீது தலைக்கவசம்கூட இல்லாமல் நிற்கும் தொழிலாளிக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை. ஆகவே, ‘அங்கே கொடுமை, இங்கே சுகம்’ என்று முடிப்பதும் பிழை.

ஒரு கடன் கணக்கு

இனி, குடும்பம் எடுக்கும் முடிவுக்கு வருவோம். எண்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சம்பளம் 800 வெள்ளி. ஒரு வெள்ளி 65 ரூபாய். சாப்பாடு, கைப்பேசி, இதர செலவு போக 500 வெள்ளி, அதாவது 32,500 ரூபாய் வீட்டுக்கு வருகிறது. வீட்டுச் செலவுக்கு 15,000 போக மீதி 17,500. பயணத்துக்கு முன் திறன் தேர்வுப் பயிற்சி (‘டெஸ்ட் அடிப்பது’ என்பார்கள்), முகவர் கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் இரண்டு வட்டிக்கு வாங்கப்பட்டிருக்கிறது.

மாதந்தோறும் 17,500 ரூபாயைத் தவறாமல் கட்டினாலும் இந்தக் கடன் அடைபட 21 மாதங்களுக்கு மேல் ஆகும். வேலை அனுமதிச் சீட்டின் காலமோ பொதுவாக இரண்டு ஆண்டுகள். ஆக, முதல் இரண்டு ஆண்டுகளின் முடிவில் மிஞ்சுவது 50,000 ரூபாய்க்கும் குறைவு. இதே ஆள் ஊரிலேயே நாளுக்கு 900 ரூபாய் கூலியில் மாதம் 24 நாள் வேலை செய்து, அதே வீட்டுச் செலவும் தன் செலவுக்கு 3,000 ரூபாயும் போக மிச்சம் பிடித்திருந்தால் அதே காலத்தில் 86,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அனுமதி மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டால் நிலைமை தலைகீழாகும். நான்கு லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். ஆனால், நீட்டிப்பது முதலாளியின் கையில் இருக்கிறது.

கடன் தொகையை மட்டும் மாற்றிப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், வரியோடு 35,400. சிங்கப்பூர் முகவர் வாங்கத்தக்கது அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம், அதாவது 1,04,000 ரூபாய். பயணச் செலவையும் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று கொண்டால், பத்தாவது மாதத்தில் கடன் முடிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டு முடிவில் சுமார் இரண்டரை லட்சம் மிஞ்சும். அதே நாடு, அதே வேலை, அதே சம்பளம். குடும்பம் உயர்கிறதா, அமிழ்கிறதா என்பதைக் கட்டணமும் வட்டியும் தீர்மானிக்கின்றன.

இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பள்ளியிறுதி முடிக்காதவர்கள் வேலைக்குச் செல்லும்போது குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் உள்ளன, சிங்கப்பூர் இல்லை. புறப்படும் முன் ஓர் அரசு அலுவலர் ஒப்பந்தத்தைப் பார்க்கும் வாய்ப்பு அதனால் இல்லாமற்போகிறது. ஆகவே, சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தை அந்த இளைஞரே வாசிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அவருடைய தாய்மொழியில் அதைத் தர வேண்டும் என்பது விதி. முதலாளி அரசுக்குச் செலுத்தும் தீர்வையைத் தொழிலாளியிடம் வசூலிப்பது அங்கே குற்றம். கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் இந்த ஒரு கடிதத்தைப் படித்தாலே பல குடும்பங்கள் தப்பிக்கும்.

ஒப்பீட்டால் என்ன பயன்?

உரிமைகளையும் தராசில் வைக்க வேண்டும் என்பதை மறக்கவில்லை. சிங்கப்பூரில் 1959 முதல் ஒரே கட்சியின் ஆட்சி. பொது இடத்தில் கூட்டம் போட அனுமதி வேண்டும். இங்கே ஆட்சிகளை மாற்றியிருக்கிறோம். கிராம சபையில் எழுந்து நின்று வரவு செலவுக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்த உரிமையைக் குடிநீருக்காகவும் சாக்கடைக்காகவும் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

என் முடிவு இதுதான். இரு நாடுகளையும் ஒப்பிடும்போது அங்குள்ள சராசரி மனிதரையும் இங்குள்ள சராசரி மனிதரையும் நிறுத்தாமல், இரண்டுக்கும் நடுவே உழைக்கும் அந்த ஒரு மனிதரை நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் இளமையைச் செலவிடும் நாட்டின் நல்ல வாழ்க்கை அவருக்கு உரியதல்ல. அவர் பணம் அனுப்பும் ஊரில் அந்த வாழ்க்கை பொதுவில் கிடைப்பதில்லை. இரண்டு இடங்களிலும் விலை கொடுப்பவர் அவர்.

இதில் சிங்கப்பூர் செய்ய வேண்டியதை நாம் கேட்க மட்டுமே முடியும். நாம் செய்யக்கூடியவை இரண்டு. அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறையும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1978 முதல் ஓர் அரசு நிறுவனமும் வைத்திருக்கும் மாநிலம் இது. திருச்சி போன்ற மாவட்டங்களில் ஒப்பந்தத்தையும் முகவரின் பதிவையும் கட்டணத்தையும் புறப்படும் முன்பே சரிபார்த்துச் சொல்லும் அலுவலகம் ஒன்றை வட்டத் தலைநகர்தோறும் திறப்பது அதற்குப் பெரிய காரியமல்ல. இரண்டாவது, மண்ணச்சநல்லூர் போன்ற ஊர்களில் குழாய் நீரைக் குடிக்கத்தக்கதாக்குவது. அது நடந்தால், தண்ணீர் கேனுக்கும் சுத்திகரிப்புக் கருவிக்கும் போகும் பணம் வீட்டிலேயே நிற்கும். சிங்கப்பூரில் விடுதி அறையில் இருப்பவர் சில மாதங்கள் முன்னதாகவே ஊர் திரும்பலாம்.